மொட்டைப் பாறையில் ஏறி நாட்டை அளந்த லாம்டன்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி! இந்த வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை மலைதான். தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் தினமும் பார்க்கிற மலைகள். உச்சிப் பாறையில் கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒரு செடிகூட இருக்காது.

200 ஆண்டுகளுக்கு முன்பு இப்படிப்பட்ட உச்சிகளைத் தேடித் தேடி ஏறினார் ஒரு வெள்ளைக்காரர். புதையலுக்காக அல்ல. நாட்டை அளப்பதற்காக! அவர் பெயர் வில்லியம் லாம்டன்.

நட்சத்திரம் காப்பாற்றியது

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் லாம்டன். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். அந்தக் கண்டத்தில் இருந்தபோது சூரிய கிரகணத்தைப் பார்த்து ஒரு கண்ணைக் கெடுத்துக்கொண்டார். பிறகு இந்தியா வந்தார்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானோடு போர். ஓர் இரவு ஆங்கிலப் படை ஒன்று வழி தவறி எதிரியின் பக்கமே நடந்தது. வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து, திசை தப்பு என்று சொன்னவர் லாம்டன். தளபதி திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார். லாம்டன் சொன்னதுதான் சரி!

அரை டன் கருவி

1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. 100 அடி இரும்புச் சங்கிலியைச் சுமார் 400 தடவை வைத்து, ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டை அளந்தார்கள்.

அதன் பிறகு சங்கிலிக்கு வேலை குறைவு. ஒரு கோட்டின் நீளம் தெரிந்தால் போதும். அதன் இரு முனைகளில் நின்று தூரத்து மலை ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், அந்த மலை எவ்வளவு தூரம் என்பது கணக்கில் வந்துவிடும். பள்ளிக்கூட முக்கோணக் கணக்குதான். ஆனால் அதைப் போட மலை உச்சிக்கு ஏற வேண்டுமே!

கோணம் பார்க்கும் தியோடலைட் கருவியின் எடை அரை டன். கப்பலில் வரும்போதே அதைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டு போய், பிறகு பெருந்தன்மையோடு அனுப்பி வைத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் ஏறியவர்கள் நம் ஊர்க் கூலியாட்கள். லாம்டன் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அந்தத் தோள்களுக்குப் பெயர் இல்லை.

வேலூர்ப் பக்கத்துக் கைலாசகர் மலையும் அவர் கோணம் பார்த்த இடங்களில் ஒன்று. வெயில் காலத்தில் புழுதியும் கானலும் தூரத்து மலையை மறைத்துவிடும். மழை பெய்து வானம் கழுவிவிட்ட நாட்களில்தான் தெளிவாகத் தெரியும். அதனால் மழைக் காலத்தில் காடு மலை அலைந்தார்கள். காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று.

இப்படியே மலைக்கு மலை தாவி மங்களூர்க் கடற்கரை வரை போனார். பழைய படங்களில் சுமார் 400 மைல் என்றிருந்த அகலம், அளந்து பார்த்தால் 360 மைல்தான். 40 மைல் மாயமாக மறைந்தது!

தஞ்சையில் விபத்து

1808-ல் தஞ்சாவூர். சுற்றிலும் சமவெளி, ஏற மலை இல்லை. பெரிய கோவில் விமானத்தின் மேல் கருவியை ஏற்றச் சொன்னார் லாம்டன். பாதியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிப் பெரிய வட்டம் நெளிந்தது.

வேறு ஆளாக இருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். சுமார் ஆறு வாரம்! நெளிந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து நேராக்கினார். பிறகு அதே கருவியோடு கன்னியாகுமரி வரை அளந்து முடித்தார்.

அடுத்து வடக்கே திரும்பினார். 70 வயதை நெருங்கியும் வேலையை விடவில்லை. 1823 ஜனவரி 20-ந் தேதி, இன்றைய மராட்டிய மாநிலத்து ஹிங்கன்காட்டில், வழியிலேயே உயிர் பிரிந்தது. அவருடைய கல்லறை அங்கேதான் உள்ளது.

அவரிடம் 1818-ல் உதவியாளராக வந்து சேர்ந்த இளைஞர் வேலையைத் தொடர்ந்தார். அளவை இமயமலை வரை போயிற்று. உலகத்தின் மிக உயர்ந்த சிகரத்துக்கு 1865-ல் அந்த உதவியாளரின் பெயரையே வைத்தார்கள். அவர்தான் ஜார்ஜ் எவரெஸ்ட்.