சொற்களின் வேரைத் தேடியவர்

நாம் அன்றாடம் பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஜேம்ஸ் மர்ரே.

இவர் 1837ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் உள்ள டென்ஹோம் என்னும் சிற்றூரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். 14 வயதில் இவரது பள்ளிப் படிப்பு நின்றுபோனது. ஆயினும், கற்பதை இவர் நிறுத்தவில்லை. தாமாகவே பல மொழிகளைக் கற்று ஆசிரியரானார்.

1879ஆம் ஆண்டு, புதிய ஆங்கில அகராதியைத் தொகுக்கும் பொறுப்பை ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழக அச்சகம் இவரிடம் ஒப்படைத்தது. அந்த அகராதியில் சொல்லின் பொருளை மட்டும் தந்தால் போதாது. சொல் எந்த மொழியிலிருந்து வந்தது, அதன் பொருள் காலப்போக்கில் எவ்வாறு மாறியது என்பவற்றையும் சான்றுகளுடன் காட்ட வேண்டும். தனியொருவரால் இதனைச் செய்ய இயலாது. எனவே, மர்ரே பொதுமக்களின் உதவியை நாடினார். நூல்களைப் படித்து, சொற்கள் இடம்பெற்ற வாக்கியங்களைச் சிறு தாள்களில் எழுதி அனுப்புமாறு வேண்டினார்.

தாள்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. அவற்றை வைப்பதற்காகவே இரும்புத் தகடுகளால் ஒரு கொட்டகை அமைக்கப்பட்டது. மர்ரேயின் பிள்ளைகளும் தாள்களை அகர வரிசைப்படி அடுக்க உதவினர். ஆக்ஸ்ஃபர்டில் இவரது வீட்டு வாசலில் அஞ்சல் துறை ஓர் அஞ்சல் பெட்டியையே நிறுவியது.

இவ்வாறு தேடியபோது சொற்களின் வேர்கள் வெளிப்பட்டன. எழுதுகோலைக் குறிக்கும் 'பென்' என்ற சொல், இறகைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அக்காலத்தில் மக்கள் பறவையின் இறகால் எழுதியதே அதற்குக் காரணம். 'கேட்டமரான்' என்ற சொல்லோ நம் தமிழ்ச் சொல்லான கட்டுமரத்திலிருந்து பிறந்தது.

இப்பணி 10 ஆண்டுகளில் முடியும் என்று முதலில் கருதப்பட்டது. ஆனால், 5 ஆண்டுகள் கழித்து 1884இல் வெளிவந்த முதல் பகுதி, எறும்பைக் குறிக்கும் 'ஆன்ட்' என்ற சொல்லோடு நின்றது. ஆங்கிலத்தின் முதல் எழுத்தே இன்னும் முடியவில்லை! இருப்பினும், மர்ரே மனம் தளரவில்லை. விரைவாக முடிக்குமாறு பலர் நெருக்கியபோதும், சான்று இல்லாமல் எதையும் எழுத அவர் உடன்படவில்லை.

1915ஆம் ஆண்டு, 'டி' என்னும் எழுத்துக்குரிய சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்த காலத்தில் மர்ரே காலமானார். 1928இல் உடன் உழைத்த அறிஞர்கள் அகராதியை நிறைவு செய்தனர். அதில் 400,000க்கும் மேற்பட்ட சொற்கள் இடம்பெற்றன. அதில் ஏறத்தாழப் பாதி மர்ரேயின் உழைப்பு. முழு அகராதியைக் கண்ணால் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. எனினும், அவர் வகுத்த வழியிலேயே அது முழுமை பெற்றது.