ஆக்டேவியா ஹில் அம்மையார்

பிறர் துயர் கண்டு இரங்குவோர் உலகிற் பலர். அத்துயர் தீரும் வழி கண்டு, அவ்வழி தம் காலத்திற்குப் பின்னும் நிலைபெறச் செய்வோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு ஆக்டேவியா ஹில் அம்மையார். நல்ல காற்றும், பசும்புல் வெளியும், தெளிந்த நீரும் செல்வர்க்கே உரியனவாதல் தகாது என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கை உருப்பெற்ற வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அம்மையார் 1838-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் விஸ்பெக் என்னும் ஊரிற் பிறந்தார். தானிய வணிகராகிய தந்தையார் பொருளிழந்து நொடித்துப் போகவே, குடும்பம் வறுமையுற்றது. தாயைப் பெற்ற பாட்டனாராகிய சவுத்வுட் ஸ்மித் என்னும் மருத்துவர் அவர்களுக்குத் துணைநின்றார். ஏழையர் வாழும் இடங்களின் தூய்மைக்காக உழைத்த அப்பெரியாரின் எண்ணம் பேர்த்தியாரின் உள்ளத்தில் ஆழ வேரூன்றியது. பதினான்கு வயதளவிலேயே அம்மையார் லண்டன் மாநகரிற் பொம்மைச் சாமான்கள் செய்யும் ஏழைச் சிறுவர்க்கு மேற்பார்வையாளராக அமர்ந்தார்.

1865-ஆம் ஆண்டு, ஜான் ரஸ்கின் என்னும் அறிஞர் மேரிலபோன் பகுதியில் மூன்று வீடுகளை வாங்கி, அவற்றின் நிருவாகத்தை அம்மையாரிடம் ஒப்புவித்தார். வாடகை வாங்குவதிற் கண்டிப்பும், குடியிருப்போரிடத்துப் பரிவும் ஒருங்கே கொண்டு அவர் அப்பணியை ஆற்றினார். ஒழுகும் கூரையைச் செப்பனிடலாம். ஆனால் குழந்தைகள் ஓடியாடும் வெளியை எங்ஙனம் படைப்பது? இவ்வினா அவரை விடாது வருத்தியது.

அவ்வேழை மக்கள் நடந்து சென்று இளைப்பாறுதற்கு ஏற்றதாய் அணித்தே இருந்தன சுவிஸ் காட்டேஜ் வயல்கள். 1875-ஆம் ஆண்டு அவை வீடு கட்டுவோர் கைக்குப் போகவிருந்தன. அம்மையார் பொருள் திரட்டி அவற்றை மீட்க முயன்றார், முயற்சி கைகூடவில்லை. வயல்கள் மறைந்து வீடுகள் எழுந்தன. எனினும் அவர் மனந்தளர்ந்தாரல்லர். பலரோடு கூடி உழைத்ததன் பயனாக, பார்லிமெண்ட் குன்றும் அதனைச் சார்ந்த வெளிகளும் 1889-ஆம் ஆண்டு ஹாம்ஸ்டெட் பொதுவெளியோடு சேர்க்கப்பெற்றன.

இதற்கிடையே, 1884-ஆம் ஆண்டளவில் மற்றோர் இடர் தோன்றியது. டெப்ட்போர்டில் உள்ள பழந்தோட்டம் ஒன்றைப் பொதுமக்கட்குக் கொடுக்க அதன் உரியவர் விரும்பினார். ஆனால் அதனை ஏற்று என்றும் காத்தற்குச் சட்டத்தின்படி தகுந்த கழகம் இல்லை. கொடுப்பார் இருந்தும் கொள்வார் இல்லாத இந்நிலையை நீக்க, வழக்கறிஞர் ராபர்ட் ஹண்டர், குருவானவர் ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகிய இருவரோடும் கூடி, 1895-ஆம் ஆண்டு 'நேஷனல் டிரஸ்ட்' என்னும் அறநிலையத்தை அம்மையார் நிறுவினார்.

அவ்வாண்டே வேல்ஸ் நாட்டுக் கடற்கரைக் குன்றாகிய தினாஸ் ஒலை, ஓர் அம்மையாரின் கொடையாக வந்தது. 1899-ஆம் ஆண்டு விக்கன் சதுப்புநிலத்தில் 2 ஏக்கர் 10 பவுனுக்கு வாங்கப்பெற்றது. சூழவிருந்த சதுப்புகளெல்லாம் நீர் வடிக்கப்பெற்று விளைநிலங்களாய்விட, அந்நிலத்திற்கே உரிய கோரையும் பூச்சிகளும் பறவைகளும் தங்குதற்கு எஞ்சிய புகலிடம் அது. 1902-ஆம் ஆண்டு டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் 108 ஏக்கர் வாங்கப்பெற்றபோது, செல்வரேயன்றித் தொழிலாளரும் தத்தம் சிறுதொகையை உவந்தளித்தனர். அறநிலையத்து நிலங்களைப் பிறர்க்கு விற்றலாகாதெனக் காக்கும் சட்டம் 1907-ஆம் ஆண்டு பிறந்தது.

அம்மையாரின் கருத்துகள் யாவும் நமக்கு உடன்பாடல்ல. பெண்டிர்க்குப் பாராளுமன்ற வாக்குரிமை வேண்டாவென்றவர் அவர். ஆயினும் அவர்தம் தொண்டின் பெருமை அதனாற் குன்றுவதன்று. இறுதியாண்டுகளில் வாண்டில் ஆற்றின் கரைகளைக் காக்கவும் முயன்ற அவர், 1912-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். கிராக்கம் ஹில் என்னும் சிற்றூர்த் தேவாலய வளாகத்தில் அவருடல் அடக்கம் செய்யப்பெற்றது.

2 ஏக்கரும் 4 ஏக்கருமாய்த் தொடங்கிய அவ்வறநிலையத்தில் இன்று ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் உறுப்பினராய் உள்ளனர். இழந்த வயலை எண்ணி அழுதிருந்தால் அம்மையாரை நாம் இன்று அறியோம். அவ்விழப்பிலிருந்து அவர் கற்றது ஒன்று: தனியொருவர் அன்பு அவரோடு மறையும், பலர் கூடி முறைப்படி ஏற்ற பொறுப்பே தலைமுறை கடந்து நிற்கும். கல்லூரி விட்டு உலகிற் புகவிருக்கும் நாம் இதனை மறவாதிருப்போமாக.