உலகிற்கு உரிய ரேடியம்

அறிவியலுக்கு நாட்டு எல்லை இல்லை என்பர். ஆயினும் அறிவியலறிஞருக்கு ஒரு நாடு உண்டு. அவர்தம் ஆய்வகத்திற்குப் பொருள் வேண்டும். அவர் கண்டதைக் காக்கச் சட்டம் வேண்டும். அதை விற்பதற்கு வணிகர் காத்திருப்பர். ஒரு கண்டுபிடிப்பு யாருக்கு உரியது என்னும் வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்டவர் மேரி கியூரி அம்மையார். அவ்வினாவிற்கு அவர் தந்த விடையையும் அதற்காக அவர் கொடுத்த விலையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அடிமை நாட்டில் பிறந்தவர்

மேரி 1867 நவம்பர் 7 ஆம் நாள் போலந்தின் வார்சா நகரில் பிறந்தார். அந்நாளில் போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. அதனை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. வார்சா ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பள்ளிகளில் ரஷ்ய மொழியே கோலோச்சியது. மாணவர்கள் தாய்மொழியையும் தம் நாட்டு வரலாற்றையும் மறைவாகவே பயின்றனர்.

மேரியின் தந்தை இயற்பியலும் கணிதமும் கற்பித்த ஆசிரியர். தாயை மேரி பத்து வயதிலேயே இழந்தார். வார்சாப் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே அக்காள் புரோனியாவும் மேரியும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். புரோனியா பாரிசில் மருத்துவம் பயில்வது, மேரி செல்வர் வீடுகளில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அவருக்குப் பணம் அனுப்புவது, பின்னர் புரோனியா தங்கைக்கு உதவுவது என்பதே அது. அவ்வாறு காத்திருந்த மேரி 1891 இல் பாரிசு சென்று சோர்பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1893 இல் இயற்பியல் பட்டத்தேர்வில் முதலிடமும், 1894 இல் கணிதத்தில் இரண்டாமிடமும் பெற்றார். 1895 இல் இயற்பியலறிஞர் பியரி கியூரியை மணந்தார்.

கழிவிலிருந்து கிடைத்த தனிமம்

யுரேனியம் தானே கதிர்களை வெளியிடுவதை 1896 இல் ஹென்றி பெக்கரல் கண்டறிந்தார். அதனைத் தம் ஆய்வுப் பொருளாக மேரி எடுத்துக்கொண்டார். பிட்ச்பிளெண்ட் என்னும் தாது, அதிலுள்ள யுரேனியத்தின் அளவிற்கு மிஞ்சிய கதிர்வீச்சை வெளியிடுவதை அவர் அளந்தறிந்தார். அப்படியாயின், அதனுள் இதுவரை அறியப்படாத தனிமம் இருத்தல் வேண்டும். கணவரும் மனைவியும் இணைந்து தேடினர். 1898 சூலையில் ஒரு புதிய தனிமத்தை அறிவித்து, அதற்குப் பொலோனியம் எனப் பெயரிட்டனர். படத்தில் இல்லாத தாய்நாட்டின் பெயர் தனிமங்களின் வரிசையில் இடம்பெற்றது. அவ்வாண்டு திசம்பரில் ரேடியத்தையும் அறிவித்தனர்.

புதிய தனிமத்தைப் பிரித்தெடுத்துக் காட்ட டன் கணக்கில் தாது வேண்டியிருந்தது. ஆஸ்திரியப் பேரரசிலிருந்த யோவாக்கிம்ஸ்டால் சுரங்கத்தில் யுரேனியம் எடுத்தபின் எஞ்சிய கழிவு குவிந்துகிடந்தது. வியன்னா அறிவியல் கழகத்தின் துணையால் ஆஸ்திரிய அரசு ஒரு டன் கழிவை விலையின்றி அளித்தது. போலந்தில் பிறந்த பெண், ஆஸ்திரிய மண்ணிலிருந்து வந்த கழிவைப் பிரான்சு நாட்டின் ஒழுகும் கொட்டகையொன்றில் காய்ச்சி வடித்தார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உழைத்தபின், 1902 இல் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு.

1903 ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெக்கரலுக்கும் கியூரி இணையருக்கும் வழங்கப்பட்டது. முதலில் மேரியின் பெயர் பரிசுப் பரிந்துரையில் இல்லை. சுவீடன் கணித அறிஞர் மித்தாக் லெஃப்ளர் இதனைப் பியரிக்குத் தெரிவித்தார். மேரியின் பங்கைப் பியரி வலியுறுத்திய பின்னரே அவர் பெயரும் சேர்க்கப்பட்டது.

காப்புரிமை வேண்டா

ரேடியத்தின் கதிர்கள் நோயுற்ற திசுக்களை அழிக்கும் என்பது தெரிந்தவுடன் அதற்குப் பெருந்தேவை எழுந்தது. பிரான்சில் தொழிற்சாலை தோன்றியது. அமெரிக்காவிலிருந்து தொழில்நுட்பர்கள் பிரித்தெடுக்கும் முறையைக் கேட்டு எழுதினர். இருவர் முன்னும் இரு வழிகள் இருந்தன. முறையைக் காப்புரிமை பெற்றுப் பதிவு செய்தால் உலகெங்கும் ரேடியம் செய்வோர் பங்குத்தொகை தர நேரும். நல்ல ஆய்வகம் ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். இல்லையேல் முறையை எவர்க்கும் வெளிப்படையாக அறிவிக்கலாம். இயற்கையில் உள்ள தனிமத்தை ஒருவர் உடைமையாக்குவது அறிவியல் நெறிக்கு மாறானது என இருவரும் முடிவு செய்தனர். கேட்டவர்க்கெல்லாம் முறையைத் தந்தனர்.

1906 ஏப்பிரல் 19 ஆம் நாள் பியரி சாலை விபத்தில் உயிரிழந்தார். அவர் வகித்த பணி மேரிக்கு அளிக்கப்பட்டது. சோர்பானில் கற்பித்த முதல் பெண் பேராசிரியரானார் மேரி.

அளவைக்கு ஒரு பொதுவிதி

ரேடியம் பொன்னினும் பன்மடங்கு விலையுடைய சரக்காயிற்று. மருத்துவர் வாங்கினர், வணிகர் விற்றனர். ஆயினும், ஒரு குழாயில் உள்ள ரேடியம் எவ்வளவு என்பதை ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு விதமாகக் கூறியது. 1910 இல் பிரசல்சில் கூடிய பன்னாட்டு மாநாடு பொது அளவை வேண்டுமெனத் தீர்மானித்தது. கதிரியக்க அலகிற்குக் கியூரி என்று பெயரிட்டது. படித்தரத்தை உருவாக்கும் பொறுப்பு அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1911 இல் 21.99 மில்லிகிராம் தூய ரேடியம் குளோரைடைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து அவர் படித்தரத்தைச் செய்து முடித்தார். தம் கையால் செய்த அதனைத் தம் ஆய்வகத்திலேயே வைத்துக்கொள்ள முதலில் விரும்பினார். உலகப் பொது அளவை ஒருவர் கையில் இருத்தல் ஆகாது என ரூதர்போர்டு முதலியோர் கருதினர். 1912 இல் வியன்னாவில் தனியே செய்யப்பட்ட படித்தரத்துடன் அது ஒப்பிடப்பட்டது, இரண்டும் ஒத்திருந்தன. பின்னர் அது பாரிசு அருகே செவ்ரே என்னும் ஊரிலுள்ள பன்னாட்டு எடை, அளவை நிலையத்தில் வைக்கப்பட்டது. அறிவு பொதுவானால் அளவையும் பொதுவாதல் வேண்டும் என்பதை அம்மையாரும் ஏற்றார்.

அவ்வாண்டுகள் அவருக்கு எளியவையாக இல்லை. 1911 இன் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிவியல் கழகம் மிகச்சில வாக்கு வேறுபாட்டில் அவரை ஏற்க மறுத்தது. ஆண்டின் இறுதியில் செய்தித்தாள்கள் அவர் தனிவாழ்வைத் தூற்றின. அவரை அயல்நாட்டார் என இகழ்ந்தன. அதே வேளையில் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. விழாவிற்கு வராதிருத்தல் நன்று எனச் சுவீடனிலிருந்து அறிவுரை வந்தது. தம் அறிவியல் பணிக்கும் தனிவாழ்விற்கும் தொடர்பில்லை என்று விடை எழுதிய அவர், நேரில் சென்று பரிசைப் பெற்றார்.

தம்மைத் தூற்றிய நாட்டிற்கு அவர் தொண்டு செய்யத் தவறவில்லை. 1914 இல் முதல் உலகப்போர் மூண்டபோது எக்சு கதிர்க் கருவிகளை ஊர்திகளில் பொருத்திப் போர்முனைக்கு அனுப்பினார். மகள் ஐரீனுடன் தாமும் சென்றார். நோபல் பரிசுப் பணத்தைக் கொண்டு போர்க்கடன் பத்திரங்களை வாங்கினார்.

ஒரு கிராம்

போர் முடிந்தபின் அமெரிக்கப் பத்திரிகையாசிரியர் மேரி மெலோனி அவரைக் காண வந்தார். அமெரிக்காவில் அப்போது ஏறத்தாழ 50 கிராம் ரேடியம் இருந்தது; அதனைக் கண்டறிந்தவர் ஆய்வகத்தில் இருந்ததோ ஒரு கிராம் அளவே. மேலும் ஒரு கிராம் வாங்க ஒரு இலட்சம் டாலர் வேண்டும். காப்புரிமையை விட்டுக்கொடுத்தவரால் அதனை வாங்க இயலவில்லை. அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டினர். 1921 மே 20 ஆம் நாள் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ஹார்டிங் அந்தக் கொடையை வழங்கினார்.

விழாவின் முந்தைய நாள் மாலையில் கொடைப் பத்திரம் அம்மையாரிடம் காட்டப்பட்டது. ரேடியம் அவர் பெயரில் எழுதப்பட்டிருந்தது. தமக்குப்பின் அது தம் மக்களின் தனிச்சொத்தாகிவிடும் என்பதை உணர்ந்த அவர், பத்திரத்தை உடனே மாற்றுமாறு வேண்டினார். அன்றிரவே வழக்கறிஞர் வரவழைக்கப்பட்டார். ரேடியம் ஆய்வகத்திற்கே உரியதென எழுதிக் கையொப்பமிடப்பட்டது. 1929 இல் அமெரிக்கா தந்த இரண்டாம் கொடையை விடுதலை பெற்ற போலந்தின் வார்சா ரேடியம் நிறுவனத்திற்கு அளித்தார்.

ஜெனீவா மன்றத்தில்

1922 இல் பன்னாட்டுச் சங்கம் அறிவுசார் ஒத்துழைப்புக் குழு ஒன்றை அமைத்தது. பெர்க்சன், ஐன்ஸ்டைன் முதலியோருடன் மேரி கியூரியும் அதில் இடம்பெற்றார். இந்தியாவின் ஜகதீச சந்திர போசும் சில ஆண்டுகள் அக்குழுவில் பணியாற்றினார். பன்னாட்டு அறிவியல் நூற்பட்டியல், இளம் ஆய்வாளர்க்கு உதவித்தொகை ஆகியவற்றிற்காக அம்மையார் உழைத்தார். கண்டுபிடிப்பால் தொழில்கள் ஈட்டும் வருவாயில் அறிவியலறிஞருக்கும் பங்குண்டா என்பதும் அங்கு ஆராயப்பட்டது. வரைவுகள் எழுதப்பட்டன, சட்டம் பிறக்கவில்லை. செல்வத்தைத் துறந்த அறிஞர்க்கு ஆய்வுக்கான வசதியைச் சமுதாயமே அளித்தல் வேண்டும் என்பது அம்மையாரின் உறுதியான கருத்தாக இருந்தது.

பொதுவில் விடப்பட்ட பொருளை வணிகம் தன் விருப்பம்போல் கையாண்டது. ரேடியம் கலந்த அழகுப் பொருள்களும் மருந்துநீரும் விற்பனைக்கு வந்தன. அமெரிக்கக் கடிகாரத் தொழிற்சாலைகளில் ஒளிரும் வண்ணம் தீட்டிய பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் நோயுற்று மடிந்தனர். எஞ்சியோர் நீதிமன்றத்தை நாடினர். கதிர்வீச்சு அம்மையாரையும் விடவில்லை. குருதிச்சோகை முற்றி 1934 சூலை 4 ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அவர்தம் குறிப்பேடுகள் இன்றும் கதிர்வீச்சுடன் விளங்குகின்றன.

செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்ததற்காக 1935 இல் மகள் ஐரீனும் மருமகன் பிரடெரிக் ஜோலியோவும் நோபல் பரிசு பெற்றனர். அறிவை உலகிற்கு ஈந்தால் மட்டும் போதாது. அது நன்முறையில் பயன்பட நேர்மையான சட்டமும் பொறுப்புள்ள வணிகமும் நாடுகளின் ஒத்துழைப்பும் வேண்டும். மேரி கியூரி தம் பங்கைக் குறைவறச் செய்தார். எஞ்சிய பங்கு பின்வந்தோரைச் சார்ந்தது.