ஒற்றியூரில் ஆரூர் நினைவு

திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாராய்த் தோன்றி, நரசிங்கமுனையரையர் மாளிகையில் அரசிளங்குமரரென வளர்ந்தவர் நம்பியாரூரராகிய சுந்தரமூர்த்தி நாயனார். கி.பி. 8-ஆம் நூற்றாண்டினர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அவர் அருளியவற்றுள் நமக்குக் கிடைத்துள்ள 100 பதிகங்களும் 7-ஆம் திருமுறையாய் விளங்குகின்றன. புத்தூரில் மணம் தடைப்பட்டதும், வெண்ணெய்நல்லூரில் இறைவன் ஓலை காட்டி ஆட்கொண்டதும் யாவரும் அறிந்தவை. ஈண்டு விரித்தல் வேண்டா.

அன்று புறப்பட்ட கால்கள் ஓரிடத்தில் நெடிது தங்கவில்லை. திருவாரூரில் பரவையாரை மணந்து இல்லறம் ஏற்ற பின்னரும் தலந்தோறும் சென்று பாடுதல் ஒழியவில்லை. முதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு ஆரூர்த் திருக்குளத்தில் எடுத்தார். பின்னர் வடக்கு நோக்கிச் சென்றபோது, குருகாவூர் வழியில் பசியும் நீர்வேட்கையும் மிக, பந்தரிட்டுக் காத்திருந்த வேதியர் ஒருவர் பொதிசோறும் தண்ணீரும் தந்தார். உண்டு, சற்றே துயின்று எழுந்து நோக்கினால் பந்தருமில்லை, வேதியருமில்லை. திருக்கச்சூரிலோ, உச்சிவெயிலில் வீடுதோறும் சோறிரந்து கொணர்ந்து ஊட்டியவன் இறைவனே. வழிநடையின் வருத்தமெல்லாம் இவ்வாறு விருந்தாயிற்று. காஞ்சியும் காளத்தியும் தொழுது திருவொற்றியூரை அடைந்தார். அங்கே கால்கள் நின்றன.

ஞாயிறு கிழவர் மகளாராகிய சங்கிலியார், உலகியல் மணத்தை வேண்டாது, கன்னிமாடத்திலிருந்து ஒற்றியூர்ப் பெருமானுக்குப் பூமாலை தொடுத்து வந்தார். அவரைக் கண்டு காதலித்த நம்பிகள், தோழராகிய இறைவனையே துணை வேண்டினார். ஊரைவிட்டு நீங்கேன் என்று சூளுறவு செய்தல் வேண்டும் என நேர்ந்தது. சந்நிதியில் சூளுறுங்கால் பெருமான் மகிழமரத்தடியில் எழுந்தருளியிருத்தல் வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார் நம்பிகள். இறைவனோ அதற்கு இசைந்து, மகிழின் கீழேயே சூளுறச் சொல்லுமாறு சங்கிலியார் கனவில் உணர்த்திவிட்டான். தோழமையில் இத்தகைய குறும்பும் உண்டுபோலும்! வேறு வழியின்றி மகிழை மூன்றுமுறை வலம்வந்து சூளுறவு செய்தார், திருமணமும் நிறைவேறியது.

ஒற்றியூர் வாழ்வில் குறை யாதுமில்லை. அன்பு மாறாத மனைவியார், கடலோரத்துத் திருக்கோயில், நாள்தோறும் தவறாத வழிபாடு. ஊர் ஊராய் நடந்தவருக்கு இவ்வமைதி முதலில் இனித்திருத்தல் வேண்டும். ஆயினும் பொதியமலைத் தென்றல் வீசத் தொடங்கியதும், ஆரூரின் வசந்தவிழா நினைவில் எழுந்தது. பெருமான் எழுந்தருளும் கோலமும், அவ்விழாவில் பரவையார் ஆடலும் பாடலும் நெஞ்சை நிறைத்தன. ஆரூரிறைவனை இன்னும் எத்துணைக் காலம் பிரிந்து வாழ்வது என வருந்தி ஒரு பதிகம் பாடினார்.

பரவையார்மீது கொண்ட ஆசையே இதுவெனச் சிலர் எளிதாக உரைத்துவிடுவர். 12-ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் அங்ஙனம் பிரித்துக் காட்டவில்லை. விழாவும் பாடலும் பெருமானும் நம்பிகளின் நினைவில் ஒன்றாகவே வந்தன. எனினும், சங்கிலியாருக்குத் தந்த சொல் சொல்லே. ஒரு நாள் கோயிலை வணங்கி, ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். அக்கணமே இரு கண்களும் ஒளி இழந்தன. சூளுறவு பிழைத்ததன் பயன் இதுவென உணர்ந்தும், அவர் திரும்பவில்லை.

முன்பு கண்டு மகிழ்ந்த தொண்டைநாட்டில் இப்போது பிறர் வழிகாட்ட நடந்தார். திருவெண்பாக்கத்தில் கண் கேட்டார், ஊன்றுகோலே கிடைத்தது. (அத்தலம் 1944-இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் அகப்பட்டமையால், கோயில் பின்னர் வேறிடத்தில் எடுக்கப்பெற்றது.) அக்கோலை ஊன்றி ஆலங்காட்டின் அயலாகிய பழையனூரை அடைந்தார்; அப்பால் காஞ்சி சென்று ஏகம்பத்தில் இடக்கண் பெற்றார். துருத்தியில் உடற்பிணி நீங்கியது. ஒரு கண்ணோடு ஆரூரை அடைந்து, அக்கண்ணால் மட்டும் காண்பது ஆற்றாது முறையிட, வலக்கண்ணும் வந்தது.

விழாவை நினைந்து வந்தவருக்குப் பரவையார் மாளிகைக் கதவு திறக்கவில்லை. ஒற்றியூர் மணச்செய்தி முன்னமே அங்கு எட்டியிருந்தது. நம்பிகள் மீண்டும் தோழரையே வேண்டினார். அன்றிரவு ஆரூர்த் தெருவில், இறைவன் ஒருமுறையன்று, இருமுறை தூது நடந்தான்.