மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் உத்தியோகமும் உபாசனையும்

வயிற்றுப்பாட்டுக்குச் செய்யும் வேலையும் ஆண்டவனுக்குச் செய்யும் வழிபாடும் ஒரு நாளைக்குள் எங்ஙனம் பொருந்தும் என்னும் வினா பழையதே யாயினும், இக்காலத்து இளைஞர்க்கு அது கூர்மை மிகுந்து தோன்றுகின்றது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஏரியும் வயலுமாய்க் கிடந்த நிலப்பரப்பிலே, 1990-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி தொடங்கி மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளும் பிறவும் எழுந்துள்ளமை நம் மாணாக்கர் அறிந்ததே. அங்கே முறை வைத்து இரவும் பகலும் வேலை நடக்கும். இராமுழுதும் இயந்திரத்தருகே நின்றவன் ஞாயிற்றுக்கிழமை விடியலில் விடுதிக்குத் திரும்பும்போது கோயில் மணி ஒலிக்கின்றது. அவன் உறங்குவதா, தொழப்போவதா? இத்தகையோர்க்கு வெறும் உபதேசம் பயன்படாது. ஆதலின், உத்தியோகச் சுமையைத் தோளில் வைத்துக்கொண்டே பக்தி செய்த ஒருவரது சரிதத்தை ஈண்டுச் சொல்லப் புகுந்தோம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிலே, சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் நாள் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்த குடும்பம். திருச்சி நியாயஸ்தலத்து மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராச பிள்ளையிடம் ஆங்கிலமும் தமிழும் கற்றார்; அந்நியாயஸ்தலத்திலேயே பத்திரங்களைக் காப்பவராக அமர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளரும் ஆனார். 1857-இல் முன்சீப் பதவி கிடைத்தது. தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் இருந்தபின், இன்று மயிலாடுதுறை எனப்படும் மாயூரத்திலே நெடுங்காலம் நீதி செலுத்தினமையால், அவ்வூர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

முன்சீப் வேலை எளிதன்று. வரப்புத் தகராறு, கடன் பத்திரம், பாகப்பிரிவினை, பொய்ச்சாட்சி ஆகிய இவற்றினிடையே காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருத்தல் வேண்டும். வாதியும் பிரதிவாதியும் அறியாத ஆங்கிலத்தில் வழக்கு நடத்துவது அநீதியென்று கருதிய இவர், 1861 வரையில் வெளிவந்த உயர்ந்த நியாயஸ்தலத் தீர்ப்புக்களைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் அச்சிட்டார். இஃது உத்தியோகக் கடமையில் அடங்கியதன்று, ஒருவரும் ஏவவில்லை. ஏழைக் குடியானவன் தன் வழக்கின் நியாயத்தைத் தானே அறியவேண்டும் என்னும் எண்ணத்தை வழிபாட்டின் ஒரு பகுதி என்றே நாம் கொள்வோம்.

இதற்கு முன்பே, 1859-இல், நீதிநூல் வெளிவந்துவிட்டது. கடவுள் வாழ்த்தொடு தொடங்கும் அந்நூல் அம்மட்டில் நில்லாது, கைக்கூலி வாங்குதலைத் தனியே ஓர் அதிகாரம் வைத்துக் கடிகின்றது. மேசைக்குக் கீழே நீளும் கையைத் தம் கச்சேரியிலே நாள்தோறும் கண்டவர் எழுதிய அதிகாரம் அது என்பதை மறத்தல் கூடாது. பக்திப் பாடல் பாடுவோர் பலர் தம் அலுவலகத்து அழுக்கைப் பாட்டுக்குள் வரவிடுவதில்லை. பிள்ளையவர்களோ அதனைக் கடவுளின் முன்னிலைக்கே கொண்டுபோய் வைத்தார். வேலையையும் தொழுகையையும் இரு கூறாக்கி நேரம் பங்கிடுவது அவர் வழியன்று. ஒன்றின் கணக்கை மற்றொன்றிலே காட்டுவதே அவர் வழி.

ஆயினும், நேரமின்மை என்னும் இடர் அவர்க்கு இல்லாதிருந்தது என்று சொல்லி மாணாக்கரை ஏமாற்றுதல் தகாது. அவர் புகழ்பெற்ற நூல்களுட் பெரும்பாலன 1872-இல் பதவியினின்றும் ஓய்வுபெற்ற பின்னரே வெளிவந்தவை. சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் 1878-இலும், தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இலும், சுகுண சுந்தரி 1887-இலும் அச்சேறின. ஒரு பருவத்தில் முடியாதது மற்றொரு பருவத்தில் முடிந்தது. இதனை எண்ணி இரவு வேலை செய்வோர் சற்றே ஆறுதலடையலாம்.

ஓய்வு என்றோம், அவர் வாளா இருந்தாரல்லர். மாயூரம் நகரசபைக்குத் தலைமை பூண்டார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியபோது, தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டி வைத்துப் பசித்தோர்க்கு ஊட்டினார். சமரசக் கீர்த்தனைகள் அச்சாகி வெளிவந்ததும் இப்பஞ்சக் காலத்திலேதான். எச்சமயத்தாரும் ஒருங்கே பாடத்தக்கவாறு அவை அமைந்துள்ளன. தம் திருச்சபைக்குரிய பக்தியை அவர் மறைத்தாரென்று எண்ணவேண்டா; தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை முதலியன அதற்குச் சான்று. தம் வீட்டுப் பூசை வேறு, ஊரோடு கூடித் துதித்தல் வேறு என்று அவர் உணர்ந்திருந்தார், இரண்டையும் செய்தார்.

இவ்வுணர்ச்சி அயலாரையும் தொட்டது. சைவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது குளத்துக்கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் இவரை நண்பராகப் பாராட்டினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், மனிதரைப் பாடும் இயல்பில்லாதவர். அவரும் பஞ்சகாலத்து அறத்தைக் கண்டு இவர்மீது ஒரு கீர்த்தனை இயற்றினார். கவர்னர் எவரும் தரும் பட்டத்தினும் இதனையே நாம் பெரிதென மதிப்போம்.

1889-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் நாள் வேதநாயகம் பிள்ளை காலமானார். அவர் கீர்த்தனைகள் இசையரங்குகளில் இன்றும் பாடப்பெறுகின்றன. அவற்றை இயற்றியவர் ஒரு கிறிஸ்தவ முன்சீப் என்பதைக் கேட்போரிற் பலர் அறியார்.