காசு வராத வெற்றி: சார்லஸ் டிக்கன்ஸ்

நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வாரா வாரம் யாராவது ஒரு பத்திரிகையின் பிடிஎஃப் போடுவதும், இது திருட்டு இல்லையா என்று வேறு யாராவது கேட்பதும் வழக்கமாகிவிட்டது. (போடுகிறவர்களில் நானும் ஒருவன்.) அதனால் இந்த இதழில் சார்லஸ் டிக்கன்ஸ்.

1812-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தவர். கடன் கட்ட முடியாமல் அப்பா சிறைக்குப் போனபோது இவருக்கு வயது 12. ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் லேபிள் ஒட்டினார். காசு விஷயத்தில் கடைசிவரை கறாராக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 24 வயதில் எழுதத் தொடங்கிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது.

அமெரிக்காவிலும் அவரை விழுந்து விழுந்து படித்தார்கள். ஆனால் அந்நாட்டுச் சட்டம் வெளிநாட்டு எழுத்தாளருக்குப் பதிப்புரிமை தரவில்லை. லண்டன் புத்தகம் கப்பலில் வந்து இறங்கியதும் அச்சுக் கோர்த்து மலிவு விலையில் விற்றுவிடுவார்கள். 1842-இல் அங்கே போனவர் விருந்து மேடைகளிலேயே இதைக் கேட்டார். மாலை போட்ட பத்திரிகைகளே பணத்தாசை பிடித்தவர் என்று எழுதின. அவர் எழுத்தை இலவசமாக அச்சிட்டுப் பிழைத்தவையும் அவற்றில் உண்டு!

உள்ளூரிலும் நிம்மதி இல்லை. 1843 டிசம்பர் 19 அன்று ‘கிறிஸ்துமஸ் கரோல்’ வந்தது, விலை 5 ஷில்லிங். கிறிஸ்துமஸுக்குள் 6,000 பிரதிகள் தீர்ந்தன. மறு மாதமே ஒரு வாரப் பத்திரிகை கதையைக் கொஞ்சம் மாற்றி 2 பென்ஸுக்குப் போட்டது. டிக்கன்ஸ் வழக்குத் தொடுத்தார். நாங்கள் நகலெடுக்கவில்லை, கதையை மேம்படுத்தினோம் என்றது எதிர்த்தரப்பு. நீதிபதி ஏற்கவில்லை, டிக்கன்ஸ் ஜெயித்தார். உடனே பத்திரிகைக்காரர்கள் திவால் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். வழக்குச் செலவு சுமார் 700 பவுண்ட் டிக்கன்ஸ் தலையில் விழுந்தது. அந்த 6,000 பிரதிகளில் அவருக்குக் கிடைத்ததோ 230 பவுண்ட்தான். பின்னாளில் இன்னொரு திருட்டுப் பதிப்பு வந்தபோது கோர்ட் பக்கமே போகவில்லை. நீதிமன்ற இழுத்தடிப்பு மேலிருந்த கோபத்தை ‘ப்ளீக் ஹவுஸ்’ நாவலில் தீர்த்துக்கொண்டார்.

1999-இல் வந்து, பாட்டு நிறுவனங்களின் வழக்கில் தோற்று, 2002-இல் திவாலான நாப்ஸ்டர் ஞாபகம் வருகிறதா?

1867-இல் மறுபடி அமெரிக்கா போனார். இந்த முறை பதிப்புரிமை பற்றிப் பேசப் போகவில்லை, மேடையில் தன் கதைகளைப் படித்துக்காட்டப் போனார். ஓசியில் அச்சான புத்தகங்களைப் படித்து வளர்ந்த ஜனங்கள் கொட்டும் குளிரில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள். ஏறக்குறைய 19,000 பவுண்ட் சேர்ந்தது. உடம்புதான் கெட்டது. 1870-இல், 58 வயதில் காலமானார்.

அமெரிக்கா வெளிநாட்டவருக்குப் பதிப்புரிமை தந்தது 1891-இல். அதிலும் அச்சுக் கோர்ப்பு அங்கேயே நடக்க வேண்டும் என்று நிபந்தனை.

டிக்கன்ஸ் நூல்களுக்கு இப்போது பதிப்புரிமை முடிந்துவிட்டது. ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘கிறிஸ்துமஸ் கரோலை’ இன்று இரவு குழுவில் போடுகிறேன். இதற்கு யாரும் ஆட்சேபிக்க முடியாது.