ஏட்டை மூடிவிட்டு எழுதியவன்

எழுத்து, பட்டம் பெற்றவனுக்குத்தான் வரும் என்பார்கள் சிலர். பரம்பரையாக ஏடு புரட்டிய வீட்டிலே பிறந்தால்தான் வரும் என்பார்கள் வேறு சிலர். தம்பி! மெழுகுவத்தி விற்றவரின் மகனொருவன், இரண்டே ஆண்டுப் பள்ளிப் படிப்போடு, இந்தப் பேச்சைப் பொய்யாக்கிக் காட்டினான். அவன்தான் பெஞ்சமின் பிராங்க்ளின்.

1706-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே பிறந்தவன். தகப்பனாருக்குப் பிள்ளைகள் 17! பத்து வயதிலே பள்ளி நின்றது. பன்னிரண்டு வயதிலே, அண்ணன் ஜேம்சின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தான். கை அச்சுக் கோத்தது. நெஞ்சு எழுதத் துடித்தது.

பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்று, நண்பனோடு கடிதத்திலே வாதாடினான். கடிதங்கள் தகப்பனார் கண்ணிலே பட்டன. பிழையில்லை, ஆனால் நயமில்லை, ஒழுங்கில்லை, தெளிவில்லை என்று எடுத்துக் காட்டினார். மகன் கோபித்தானா? குமுறினானா? இல்லை, வழி தேடினான்.

லண்டனிலே அடிசனும் ஸ்டீலும் 1711-ல் தொடங்கிய 'ஸ்பெக்டேட்டர்' ஏட்டின் தொகுதியொன்று அவனுக்குக் கிடைத்தது. படித்தான், சொக்கினான். சொக்கியதோடு நின்றானா? ஒரு கட்டுரையை எடுப்பான், ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக்குவான், ஏட்டை மூடிவிடுவான். சில நாள் சென்றபின், குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, தன் சொல்லாலே கட்டுரையை எழுதுவான். பிறகு மூலத்தோடு ஒத்துப் பார்ப்பான். சறுக்கிய இடத்தைத் திருத்துவான்.

சொற்பஞ்சம் தெரிந்தது. உடனே, உரைநடையைச் செய்யுளாக்கினான். செய்யுளை மறுபடி உரைநடையாக்கினான். ஓசைக்கும் அளவுக்கும் ஏற்ற சொல்லைத் தேடித்தானே ஆகவேண்டும்! குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சில வாரம் சென்றபின் வரிசைப்படுத்தினான் — எது முன்னே, எது பின்னே என்று பழக.

இத்தனைக்கும் நேரம் ஏது? இரவு வேலை முடிந்தபின், காலை வேலை தொடங்குமுன், ஞாயிற்றுக்கிழமைகளிலே!

1722-ல், பதினாறு வயதிலே, சைலன்ஸ் டூகுட் என்ற விதவையின் பெயரால் ஒரு கடிதம் எழுதி, இரவோடிரவாக அச்சுக்கூடக் கதவின் அடியிலே தள்ளிவிட்டான். அண்ணனின் நண்பர்கள் படித்தார்கள், பாராட்டினார்கள். எழுதிய அறிஞர் இவரா, அவரா என்று ஆராய்ந்தார்கள். எழுதியவனோ அருகிலேயே வேலை செய்துகொண்டிருந்தான்! 14 கடிதங்கள் வந்தன. வேற்றுப் பெயரிலே பேசும் பாணி லண்டன் ஏட்டுடையது. பணத்தின் பலத்தாலே ஹார்வர்டு கல்லூரியிலே நுழைந்த மந்தமதியினரை எள்ளி நகையாடிய துணிவு அவனுடையது.

பிறகு பிலடெல்பியா சென்றார். 1729-ல் 'பென்சில்வேனியா கெசட்' ஏட்டை ஏற்று நடத்தினார். 1732-ல் 'ஏழை ரிச்சர்ட்' பஞ்சாங்கம் வெளியிட்டார். 1776-ல், விடுதலைப் பிரகடனம் வரைந்த ஐவர் குழுவிலே இடம் பெற்றார்.

ஒன்றை மறைக்கக் கூடாது தம்பி! அடிமைகளை வைத்திருந்தவர் பிராங்க்ளின். அடிமை விற்பனை விளம்பரங்கள் அவர் ஏட்டிலேயே வந்தன. எழுதும் திறமை வேறு, எதற்காக எழுதுகிறோம் என்பது வேறு. ஆனால் முதுமையிலே மனம் மாறினார். 1787-ல் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790-ல் அமெரிக்கக் காங்கிரசுக்கு மனுச் செய்தார். ஜேம்ஸ் ஜாக்சன் என்ற உறுப்பினர், அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கிப் பேசினார். 84 வயதுக் கிழவர், நோய்ப் படுக்கையிலே கிடந்தவர், பேனாவை எடுத்தார். கிறிஸ்தவரைப் பிடித்து அடிமையாக்குவது நியாயமே என்று, அல்ஜீரியாவிலே ஒருவன் முன்னொரு காலத்திலே பேசியதாகக் கற்பனைச் சொற்பொழிவொன்றைத் தீட்டினார். ஜாக்சனின் வாதங்கள்தாம் அத்தனையும். ஆள் மட்டுமே வேறு! வாதத்தின் வெட்கக்கேடு வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 17-ல், பிராங்க்ளின் மறைந்தார்.

பையனாக இருந்தபோது, பிறர் நடையைப் பின்பற்றி எழுதப் பழகினார். கடைசி நாளிலே, அதே பயிற்சி கொடுமையைத் தாக்கும் கணையாயிற்று. துண்டறிக்கை எழுதும் தம்பி! மேடைக்குக் குறிப்பெடுக்கும் தம்பி! உன்னைக் கவர்ந்தவரைப் பின்பற்று, வெட்கமில்லை. ஆனால், ஏட்டைத் திறந்து வைத்து எழுதினால், அது நகல். மூடிவிட்டு எழுது, ஒத்துப்பார், திருத்து. நடை கைவரும். அது யாருக்காக நடக்கவேண்டும் என்பதை முடிவு செய்யவேண்டியவன் நீ!